பரங்கிமலையிலிருந்து ஒரு கோடு: அளந்தவர்கள் யார்?

1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று நீட்டி வைக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே, பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை, அதை 400 முறை எடுத்து வைத்து அளந்தார்கள். கிடைத்த நீளம் 40,006 அடி. இன்றைய கணக்கில் 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒற்றைக் கோட்டை அடிப்பக்கமாக வைத்து எழுந்த முக்கோணங்கள் மேற்கே மங்களூர் வரையும், தெற்கே கன்னியாகுமரி வரையும், வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சென்றன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, உலகிலேயே உயர்ந்த சிகரம் எது என்பதை மேசையில் அமர்ந்து கணக்குப் போட்டே கண்டுபிடிக்க முடிந்ததற்கும் தொடக்கம் இங்கேதான்.

அந்தச் சமவெளி இன்று இல்லை. மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று நாம் அன்றாடம் பேருந்துப் பலகைகளில் படிக்கிற ஊர்கள் அடுக்குமாடிகளாலும் மென்பொருள் வளாகங்களாலும் நிறைந்துவிட்டன. பரங்கிமலை உச்சியில், அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. மலையேறுகிறவர்கள் விமானங்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, சிலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். சிலை வைத்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதுவும் இல்லையென்றால் அந்தப் பெயரையே இந்நேரம் மறந்திருப்போம். ஆனால், தென்னிந்தியாவை அளந்து அறிந்த வரலாறு ஒரு மனிதரின் உருவத்துக்குள் அடங்காது. மலையுச்சிப் பாறைகளில் வெட்டிய குறிகளிலும், கோயில் கோபுரங்களிலும், ஆவணக் கட்டுகளிலும், பெயர் எழுதப்படாமல் போன ஏராளமானோரின் உழைப்பிலும் அது சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடித் தொகுக்கிற வேலையைத் தமிழ்நாடு இன்னும் முறையாகத் தொடங்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த அளவை எவ்வளவு நுட்பமானது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரு சங்கிலி நீளத்தில் மயிரிழைப் பிழை நேர்ந்தாலும் 400 முறை வைக்கும்போது அது பெருகிவிடும். நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்கு முக்கோணங்கள் போட்ட பிறகு, அந்தப் பிழை ஊர்களையே இடம் பெயர்த்துவிடும். அதனால் சங்கிலியை வெறுந்தரையில் போடவில்லை. முக்காலிகள் மீது மரப்பெட்டிகளை வரிசையாக மட்டம் பார்த்துப் பொருத்தி, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, மேலே துணிப்பந்தல் போட்டு நிழல் செய்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் வெப்பநிலையைக் குறித்து, பிறகு கணக்கில் திருத்தம் செய்தார்கள். சித்திரை வெயிலில், வாரக்கணக்கில் நடந்த வேலை இது. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. லண்டனின் புகழ்பெற்ற கருவிக் கலைஞர் ராம்ஸ்டன் செய்தது. 1793-ல் மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருள்களில் ஒன்று. சீன அரசவைக்கு அது வேண்டியிருக்கவில்லை. குழுவோடு சென்ற டின்விடி என்கிற அறிஞர் வழியாகக் கல்கத்தா வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்குக் கிடைத்தது.

கோணங்களை அளக்க வந்த தியோடலைட்டின் கதை இன்னும் வியப்பானது. லண்டனில் வில்லியம் கேரி செய்த அந்தக் கருவியின் கிடைவட்டம் மட்டும் 36 அங்குலம். மொத்த எடை அரை டன். அதைச் சுமந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் நடுக்கடலில் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். இது போர்க்கருவி அல்ல, அறிவியல் கருவி என்று அறிந்ததும், எதிரி நாட்டுக்காரர்களான அவர்களே அதைப் பத்திரமாக மதராஸுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இந்த அளவையின் பலன் உடனே தெரிந்தது. 1804-ல் பெங்களூர் அருகே இன்னோர் அடிக்கோட்டை நேரடியாக அளந்து பார்த்தார்கள். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், தரையில் சங்கிலி வைத்து அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. மேற்குக் கடற்கரையை எட்டியபோது, அதுவரை வரைபடங்கள் 400 மைல் என்று காட்டிவந்த தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது.

இந்தச் சாதனையைக் கொண்டாடும்போது, அது எந்தக் காலத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. லாம்டன் அந்தப் போரில் ஆங்கிலேயப் படையில் இருந்தவர். அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கும்பினியின் கைக்கு முழுமையாக வந்தது. அந்த அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு ஆறு மாதம்கூட நிறையாத நிலையில்தான் பரங்கிமலையில் சங்கிலி நீட்டப்பட்டது. பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்துத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்த அதே அரசுதான் குன்றுகளின் மேல் கொடி நட்டுக் கோணம் பார்க்கவும் செலவு செய்தது. லாம்டனின் ஆர்வம் பூமியின் வளைவை அறிவதில் இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால், படை நடத்தவும் வரி வாங்கவும் வரைபடம் தேவை என்பதால்தான் அவருக்குப் பணம் கிடைத்தது. தன் நிலத்தின் மேல் ஏறி நின்று ஒரு வெள்ளைக்காரர் தொலைநோக்கியில் எதைப் பார்க்கிறார் என்று அன்றைய கிராமத்தார் சந்தேகப்பட்டிருந்தால், அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது.

இன்னொரு செய்தி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இந்த அளவைக்கு இவ்வளவு செலவா என்று மதராஸ் அரசின் நிதிப் பொறுப்பாளர்களில் ஒருவர் கேட்டாராம். ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவர் தன் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதுமே, கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவானே என்பது அவர் வாதம். வரைபடத்தின் அருமை தெரியாதவர் என்பதற்குச் சான்றாகத்தான் இதை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அந்தப் பல்லக்குத் தூக்கியின் மேல்தான் கண் போகிறது. அவருக்கு வழி தெரிந்திருந்தது. எந்த ஆற்றில் எந்த மாதம் தண்ணீர் வரும், எந்தக் கணவாயில் வண்டி ஏறும், எந்தச் சத்திரத்தில் கிணறு உண்டு என்பதெல்லாம் அவரைப் போன்றவர்களுக்கு மனப்பாடம். லாம்டனின் குழுவும் அவர்களைக் கேட்டுத்தான் மலை ஏறியது. தேடிக் கண்டறிந்த வரலாறு என்று நாம் எழுதுவதில் பெரும்பகுதி, ஏற்கெனவே தெரிந்தவர்கள் வழிகாட்ட, தெரியாதவர்கள் எழுதிவைத்த வரலாறு.

தஞ்சாவூரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். உயரமான இடம் என்றால் கோயில்கள்தான். ஆகவே லாம்டன் கோபுரங்களையே அளவை நிலையங்களாக்கிக்கொண்டார். 1808-ல், தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருப்பார்கள். லாம்டன் அதைத் திருச்சிராப்பள்ளிக்கு எடுத்துச் சென்று, கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, ஆறு வாரம் பாடுபட்டு நெளிவெடுத்தார். அந்தக் கருவி அதன் பிறகும் பல ஆண்டுகள் உழைத்தது.

இந்தக் கதையை எழுதுகிற எவரும் பெரிய கோயிலை ஒரு வசதியான உயரமாக மட்டுமே பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001-ஐ ஒட்டி, சோழநாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அளவையை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்ற பட்டமே கிடைத்தது. அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். 16 சாண் நீளம். பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நில அளவு வேலி, மா என்பதோடு நிற்காமல், காணி, முந்திரி, அதற்கும் கீழே கீழ்ப்பின்னங்கள் என்று நுணுகிப் போகிறது. தமிழகக் கோயில்கள் பலவற்றின் சுவர்களில் அளவுகோலின் நீளத்தையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் கோலைக் குறைத்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக. எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரரசுகளின் இரண்டு மாபெரும் அளவைகள் ஒரே கட்டிடத்தில் சந்தித்திருக்கின்றன. உலகில் வேறெங்காவது இருந்தால் இதை விளக்க அங்கே ஒரு காட்சிக்கூடமே எழுந்திருக்கும். பெரிய கோயிலுக்குப் போகிற பள்ளி மாணவருக்கு நிழல் தரையில் விழாது என்கிற கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி, அளந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். மதராஸில் 1794-ல் ஓர் அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. மதராஸ் வானாய்வகத்தை 1792-ல் எழுப்பிய மைக்கேல் டாப்பிங்தான் இதற்கும் காரணமானவர். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் பிறப்பை அந்தப் பள்ளியிலிருந்துதான் கணக்கிடுகிறது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டு மாணவர்கள். வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளை, பெரும்பாலும் இந்தியத் தாய்மாருக்குப் பிறந்தவர்களை, வளர்த்த அநாதை இல்லத்திலிருந்து வந்த சிறுவர்கள். அப்பன் ஊர் சேர்க்கவில்லை, அம்மா ஊர் ஏற்கவில்லை என்கிற நிலையில் இருந்த அந்தப் பையன்களின் காலில்தான் தென்னிந்திய வரைபடம் நடந்தது. லாம்டனோடு தொடக்கத்திலேயே சேர்ந்த ஜோஷுவா டி பென்னிங் அவர்களில் ஒருவர். லாம்டனிடம் வேலை கற்று, அவரது வலக்கரமாக இருந்து, பின்னாளில் கல்கத்தாவில் அளவைத் துறையின் கணக்கீட்டு அலுவலகத்தில் பொறுப்பு வகித்தார். சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதற்காக நாம் இன்று போற்றுகிற ராதாநாத் சிக்தார் பணியாற்றியதும் அந்தப் பிரிவில்தான். டி பென்னிங் பெயரை மதராஸின் எந்தத் தெருவிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொருவர் சையது மீர் மொஹ்சின் உசேன். ஆற்காட்டுக்காரர். மதராஸில் நகை வேலை செய்யும் இடத்தில் இருந்தவர். அவரது கைத்திறனைக் கண்ட பிளாக்கர் என்ற அளவைத் தலைவர் 1824-ல் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். நுண்கருவிகளைப் பழுது பார்ப்பதில் தொடங்கி, லண்டனிலிருந்து வந்த கருவிக் கலைஞர் ஹென்றி பாரோவிடம் பணியாற்றி, பாரோ விலகிய பிறகு பட்டறையின் பொறுப்புக்கே உயர்ந்தார். லாம்டனுக்குப் பின் அளவைக்குத் தலைமையேற்றவரும், எளிதில் எவரையும் பாராட்டாதவருமான ஜார்ஜ் எவரெஸ்ட் இவர் திறமையை மனமாரப் பாராட்டியிருக்கிறார். தஞ்சாவூரில் நெளிந்து, திருச்சியில் நிமிர்ந்த அந்தப் பழைய தியோடலைட் பின்னர் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டதும் அந்தக் கல்கத்தாப் பட்டறையில்தான். 2004-ல் இந்திய அஞ்சல் துறை இந்த மாபெரும் முக்கோணவியல் அளவையைப் போற்றி அஞ்சல்தலைகள் வெளியிட்டபோது, வங்காளத்தின் ராதாநாத் சிக்தாரும் குமாவுன் மலைநாட்டின் நயின் சிங்கும் இடம்பெற்றார்கள். இருவரும் முழுத் தகுதி உடையவர்கள். ஆற்காட்டுக் கலைஞரின் பெயரை அவர் பிறந்த ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? அவர் வங்காளியாகவோ குமாவுனியாகவோ பிறந்திருந்தால் அந்த மண் அவரை விட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

இவர்களுக்காவது பெயர் இருக்கிறது. சங்கிலி பிடித்தவர்கள், கொடிக்காரர்கள், மலையுச்சியில் இரவெல்லாம் விளக்கோடு காத்திருந்தவர்கள், கருவியைத் தோளில் சுமந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் பெயரில்லாமலே போனார்கள். 1819-ல் ஐதராபாத்துக்குக் கிழக்கே, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் எவரெஸ்டின் குழு முழுவதும் காய்ச்சலில் விழுந்தது. ஏறத்தாழ 150 பேர். ஊர் திரும்பும் வழியிலேயே பலர் இறந்தார்கள். எவரெஸ்டின் காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தது, அவர் உடல்நலம் தேறக் கடற்பயணம் போன இடம் எது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எந்த வரலாற்று நூலிலும் என் கண்ணில் பட்டதில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்க முடியும் என்பதற்கு அதே காலத்து மதராஸிலேயே சான்று உண்டு. மைசூர் அளவையை நடத்தி, 1815-ல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவை அதிகாரியான காலின் மெக்கன்சி, நிலத்தோடு ஊர்களின் கதைகளையும் சேர்த்து அளந்தவர். கல்வெட்டுப் படிகள், ஓலைச்சுவடிகள், ஊர் வரலாறுகளான கைபீதுகள் என்று அவர் திரட்டியவற்றின் பெரும்பகுதி இன்றும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அந்த வேலையைக் களத்தில் செய்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பிகள் லட்சுமய்யா, ராமசாமி, சமணப் பண்டிதர் தர்மய்யா போன்றவர்கள். 1816-ல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மெக்கன்சியை வரைந்தபோது அவர் தனியாக நிற்கவில்லை. உதவியாளர்கள் மூவர் உடன் நிற்கிறார்கள், ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. காலனிய ஓவியங்களில் இது அபூர்வம். ஆனால் அந்த மதிப்பு மெக்கன்சியோடு முடிந்தது. 1821-ல் அவர் இறந்த பிறகு, அந்தப் பணியைத் தொடர அனுமதி கேட்டார் லட்சுமய்யா. சுதேசி ஒருவர் தலைமையேற்று நடத்தத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டி, அந்தக் கோரிக்கையை ஒதுக்கினார்கள். இருபது ஆண்டு உழைத்த மனிதருக்குக் கிடைத்த பதில் அது. மெக்கன்சியின் ஓவியத்தைப் பாடநூலில் அச்சிடுகிறவர்கள் இந்தப் பதிலையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

தமிழில் எழுதப்பட்ட ஆவணங்களும் நம்மிடம் உண்டு. நாம்தான் போதுமான அளவு திறந்து பார்க்கவில்லை. லாம்டனுக்கு முப்பது ஆண்டு முன்பே, 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியின் ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிக்கொடுத்த கணக்குகளே அந்த அளவைக்கு ஆதாரம். எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, புஞ்சை, கோயிலுக்கும் குயவருக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அவற்றில் உண்டு. அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வரலாற்றாய்வாளர் தரம்பாலின் தூண்டுதலால் சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் இவற்றை ஆராய்ந்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகளைப் பதிப்பித்தது. இரண்டு ஊர்களின் கணக்கே ஒரு நூலாகிறது என்றால், மற்ற ஊர்களின் கணக்குகளில் என்னென்ன இருக்கும்! அளவை என்பது கருவி கொண்டுவந்தவர் மட்டும் செய்ததல்ல, கணக்குப்பிள்ளையும் சேர்ந்து செய்தது என்பதை இந்த ஓலைகளைப் போலச் சொல்லக்கூடிய சான்று வேறில்லை.

நீலகிரிக்குப் போனால் இதே சிக்கலின் மறுபக்கம் தெரிகிறது. 1819-ல் ஜான் சல்லிவன் மலையேறியதை உதகையின் பிறப்பாகக் கொண்டாடுகிறோம். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் வாழ்ந்த இல்லம் புதுப்பிக்கப்பட்டு நினைவகமாகியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் 1812-லேயே மதராஸ் அளவைப் பள்ளியில் பயின்ற வில்லியம் கீஸ் அந்த மலையில் ஏறி அளந்திருக்கிறார். அதற்கும் 200 ஆண்டுகளுக்கு முன், 1603-ல், பெனிசியோ பாதிரியார் தோடர்களைச் சந்தித்து எழுதியிருக்கிறார். தோடர்களும் கோத்தர்களும் குறும்பர்களும் படுகர்களும் எத்தனையோ தலைமுறைகளாக ஒவ்வொரு குன்றுக்கும் ஓடைக்கும் பெயரிட்டு வாழ்ந்த மலை அது. மலை மேல் நிலம் தோடர்களுக்கே உரியது என்று வாதாடிய அதிகாரி சல்லிவன். அவரைப் போற்றுகிற நினைவகத்தில் தோடர் வழங்கும் இடப்பெயர்களோடு ஒரு வரைபடம் தொங்கினால் அவரே மகிழ்வார்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு பதில் இருக்கிறது. லாம்டனின் வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1816 முதல் 1855 வரை, ஸ்ட்ரூவே என்ற வானியலாளர் தலைமையில் நார்வேயின் வடகோடியிலிருந்து கருங்கடல் வரை 2,820 கிலோமீட்டருக்கு இதே போன்ற முக்கோணத் தொடர் அளக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்தக் கோடு பத்து நாடுகளுக்குள் சிதறிப்போனது. அந்தப் பத்து நாடுகளும் சேர்ந்து, 265 நிலையங்களில் 34-ஐத் தேடி உறுதிசெய்து பாதுகாத்தன. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாதுகாக்கப்பட்டவை பெரிய மாளிகைகள் அல்ல. பாறையில் துளைத்த ஒரு துளை, இரும்புச் சிலுவைக் குறி, கற்குவியல், சில இடங்களில் ஒரு தூண், அவ்வளவுதான். ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள நம்முடைய கோடு ஒரே நாட்டுக்குள் கிடக்கிறது. பத்து அரசுகள் பேசி முடிவெடுக்க வேண்டிய தொல்லைகூட நமக்கு இல்லை.

தேடுவதற்கான கருவிகளும் இருக்கின்றன. லாம்டன் தன் அளவை விவரங்களை ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் தொகுதிகளில் அப்போதே அச்சிட்டார். அவர் அளந்த தென்பகுதியை 1860-களிலும் 1870-களிலும் புதிய கருவிகளோடு மீண்டும் அளந்தபோது, ஒவ்வொரு நிலையமும் எந்த ஊரில், எந்தக் குன்றில், எப்படிக் குறிக்கப்பட்டது என்று இந்திய நில அளவைத் துறை தொகுத்து வெளியிட்டது. பாறையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி என்பதே வழக்கமான குறி. பிலிமோர் என்ற ஓய்வுபெற்ற அளவை அதிகாரி டேராடூனிலிருந்து 1945-க்கும் 1958-க்கும் இடையே வெளியிட்ட நான்கு பெருந்தொகுதிகளில், நான் மேலே சொன்ன மொஹ்சின் உசேனைப் போன்ற உதவியாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் இருக்கின்றன. முன்பு நில அளவைத் துறையின் வரைபடங்களைப் பெறுவதே பெரும்பாடு. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டு நெறிகள் அந்தக் கதவையும் பெருமளவு திறந்துவிட்டன. பழைய அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்புகளை இன்றைய அமைப்புக்கு மாற்றி, கையில் செல்பேசியோடு மலையேறினால் பல குறிகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி இதை எடுத்துக்கொண்டால் போதும். வரலாற்றுத் துறையும் கட்டிடப் பொறியியல் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய இதைவிட நல்ல களப்பணி எனக்குத் தோன்றவில்லை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. நம் குன்றுகள் வேகமாகக் கரைந்துகொண்டிருக்கின்றன. பல்லாவரம், திரிசூலம் பக்கக் குன்றுகளைக் கல்குவாரிகள் எப்படிக் குடைந்தன என்பதைச் சென்னைக்காரர்கள் ரயிலில் போகும்போதே பார்த்திருக்கிறார்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலுக்கே வழி திறந்த பல்லாவரம் அது. அந்த மண்ணுக்கே இந்தக் கதி என்றால், ஏதோ ஒரு தாலுகாவின் மொட்டைக் குன்றில் வெட்டிய ஒரு வட்டத்தையும் புள்ளியையும் யார் பார்த்துக் காப்பாற்றப் போகிறார்கள்? குவாரிக்கு உரிமம் வழங்குமுன் அந்தக் குன்றில் முக்கோண அளவை நிலையம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைக் கனிமவளத் துறையின் நடைமுறையில் சேர்ப்பதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாநிலத் தொல்லியல் துறை கீழடியிலும் ஆதிச்சநல்லூரை ஒட்டிய பொருநைக் கரையிலும் காட்டுகிற அக்கறையில் சிறு பங்கு இதற்கும் கிடைக்க வேண்டும். 200 ஆண்டுகளே பழமையானது என்பதால் இது தொல்லியலுக்குப் புறம்பாகிவிடாது.

2027 ஏப்ரலில் பரங்கிமலை அளவைக்கு 225 ஆண்டுகள் நிறைகின்றன. விழா எடுக்க நினைப்பவர்கள் அதற்குள் செய்யக்கூடியவை சில உண்டு. அடிக்கோட்டின் வடமுனையையும் தென்முனையையும் பதிவுகளின் துணையோடு துல்லியமாக அடையாளம் கண்டு, இரண்டு இடத்திலும் ஒரு கல் நடலாம். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிற பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டு இருக்கிறது. மாணவர்கள் அதைச் சென்று பார்க்க வழிசெய்யலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் உலகளந்த கோலையும் 1808-ன் அறுந்த கயிற்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பலகை வைக்கலாம். ஆற்காட்டில் மொஹ்சின் உசேன் பெயரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் கருவிப் பட்டறை ஒன்று இருக்கலாம். நுண்கருவி செய்தவருக்கு அதைவிடப் பொருத்தமான இடமில்லை. பிலிமோரின் தொகுதிகளிலிருந்து தென்னிந்தியா பற்றிய பகுதிகளை மட்டுமாவது தமிழில் கொண்டுவரலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது எழும்பூரில் இருக்கிறது. லாம்டனுக்குச் சம்பளமும் படியும் கொடுத்தது மதராஸ் அரசு. அவரது குழுவின் செலவுகளும் விண்ணப்பங்களும் அந்த அரசின் பதிவுகளில் இடம்பெற்றன. அந்தப் பதிவுகளின் இருப்பிடம் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1802 தொடங்கி, குழு வடக்கே நகர்ந்த காலம் வரை, ஆண்டு ஆண்டாக அந்தக் கட்டுகளைப் படித்து, எங்கெல்லாம் ஒரு கொடிக்காரரின் பெயரோ, சுமைகூலியின் பெயரோ, ஓய்வூதியம் கேட்ட ஒரு விதவையின் பெயரோ வருகிறதோ அங்கெல்லாம் குறித்துக்கொள்ளும் வேலையை இரண்டு ஆய்வு மாணவர்களுக்கு மூன்றாண்டு உதவித்தொகை கொடுத்து ஒப்படைக்கலாம். பத்துப் பெயர் கிடைத்தாலும் சரி, நூறு கிடைத்தாலும் சரி, பரங்கிமலையிலும் பெரும்பாக்கத்திலும் நடப்போகிற கற்களில் முதலில் பொறிக்க வேண்டியவை அந்தப் பெயர்கள்தாம்.